குடியை நிறுத்தியவர்களின் மீட்டிங்: போவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பெரும்பாலும் பேசப்படுவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ. கூட்டங்களைப் பற்றி. தமிழ்நாட்டில் தமிழிலேயே, நேரில், காசில்லாமல் கிடைக்கும் சக உதவிக் குழுக்களில் அதுதான் பரவலானது. வேறு வழிகளும் உண்டு. அவை கடைசிக்கு முந்தைய பகுதியில்.

மீட்டிங்கில் என்னதான் செய்வார்கள்?

ஒரு அறை, கொஞ்சம் நாற்காலிகள், டீ. குடியால் அவதிப்பட்டு இப்போது குடிக்காமல் இருப்பவர்களும், நிறுத்தப் பார்ப்பவர்களும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து தங்கள் அனுபவத்தைச் சொல்வார்கள், அடுத்தவர் சொல்வதைக் கேட்பார்கள். டாக்டர் இல்லை, கவுன்சலர் இல்லை, அட்வைஸ் இல்லை.

1935 மே மாதம் பில் என்ற நியூயார்க் பங்குத் தரகர் அமெரிக்காவின் ஆக்ரன் ஊருக்குத் தொழில் விஷயமாகப் போனார். போன காரியம் கெட்டது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த அவருக்கு, தங்கியிருந்த ஹோட்டலின் பாருக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. போகாமல், அந்த ஊரில் தன்னைப் போல அவதிப்படும் இன்னொருவரைத் தேடி வரிசையாகப் போன் செய்தார். அப்படிக் கிடைத்தவர் பாப், அறுவைச் சிகிச்சை மருத்துவர். பாப் கடைசியாகக் குடித்த நாளாகச் சொல்லப்படும் ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. இந்தியாவுக்கு வந்தது 1957-இல். ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியிடம் பேசும்போது இருவருமே அன்றைக்குக் குடிக்காமல் இருக்க வாய்ப்பு கூடுகிறது என்பதுதான் அன்று அந்த இருவர் கண்டது. இன்றும் எல்லா மீட்டிங்கும் ஓடுவது இதை வைத்துத்தான்.

மாலை போட்டால் 48 நாள் தொடுவதே இல்லை. அப்படியானால் நான் அடிமை இல்லைதானே?

இந்தக் கேள்வி கார்த்திகை மாதம் பிறந்தால் அதிகம் வரும். ஐயப்பனுக்கு மாலை போடுவது, முருகனுக்கு விரதம் இருப்பது, கோயிலில் கயிறு கட்டி சத்தியம் செய்வது எல்லாமே ஒருவரால் சில காலம் நிறுத்த முடியும் என்பதைக் காட்டும். ஆனால் கேட்க வேண்டியது வேறு: மாலையைக் கழற்றிய அன்று என்ன நடக்கிறது? 48 நாளும் நாள் எண்ணிக்கொண்டே போயிற்றா? திரும்ப ஆரம்பித்த இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கே வந்துவிட்டதா? குடிநோயில் பலருக்கு நிறுத்துவது பெரிய கஷ்டமாக இருப்பதில்லை. நிறுத்தியே இருப்பதுதான் முடிவதில்லை.

அளவு பார்க்க விரும்பினால் கணக்கு இது. 180 மி.லி. குவார்ட்டரில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அதாவது சுமார் 77 மி.லி. சுத்த ஆல்கஹால், எடையில் 60 கிராமுக்குச் சற்று மேல். மருத்துவர்கள் ஒரு 'டிரிங்க்' என்று எண்ணுவது 10 கிராம். ஆக ஒரு குவார்ட்டர் என்பது ஆறு டிரிங்க். "பீர்தானே" என்பவர்களுக்கு: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டில் ஒன்று நான்கு டிரிங்குக்குச் சமம்.

உலக சுகாதார நிறுவனம் தயாரித்த 'ஆடிட்' என்ற பத்துக் கேள்வித் தாள் ஒன்று உண்டு. 40-க்கு 8 வந்தாலே குடி ஆபத்தான கட்டத்தில் இருக்கிறது என்று பொருள். 20-ஓ அதற்கு மேலோ வந்தால் அடிமைத்தனம் இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். எந்த அரசு மனநலப் பிரிவிலும் பத்து நிமிடத்தில் போட்டுப் பார்ப்பார்கள்.

மீட்டிங்குக்கு வர இந்த மதிப்பெண் எதுவும் தேவையில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி என்று ஏ.ஏ.யின் மூன்றாவது மரபு சொல்கிறது (குழுக்கள் பின்பற்றும் விதிகளைத்தான் அங்கே மரபு என்பார்கள்). சந்தேகத்தோடு வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாம்.

இன்றிரவே நிறுத்திவிட்டு நாளை மீட்டிங்குக்குப் போகலாமா?

இதை நிதானமாகப் படியுங்கள். தினமும் குடிப்பவர், அதிலும் காலையில் எழுந்ததும் கை நடுக்கத்துக்கு ஒரு கட்டிங் போட்டால்தான் வேலைக்குப் போக முடியும் என்ற நிலையில் இருப்பவர், மருத்துவரைப் பார்க்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. வருடக்கணக்காக ஆல்கஹாலுக்குப் பழகிய மூளை, அது நின்றதும் கட்டுப்பாடில்லாமல் கிளர்ந்துவிடும். கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் புத்தி தடுமாறும்: சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், ஆள் தெரியாது, காய்ச்சல், படபடப்பு இருக்கும். "பேய் பிடித்துவிட்டது" என்று மந்திரிக்கக் கூட்டிப்போவது இந்தக் கட்டத்தில்தான். அது உயிர்போகும் ஆபத்து. 108-ஐக் கூப்பிடுங்கள்.

முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், கல்லீரல் நோய் உள்ளவர், தூக்க மாத்திரையும் சேர்த்துப் பழகியவர், வயதானவர், வீட்டில் துணைக்கு ஆளில்லாதவர் ஆகியோர் மருத்துவமனையில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும். மற்றவர்களுக்கு வெளிநோயாளியாகவே ஒரு வாரம் மாத்திரையை அளவு குறைத்துக் குறைத்துக் கொடுத்து நிறுத்துவார்கள். தயமின் எனப்படும் வைட்டமின் பி1 கட்டாயம் கொடுப்பார்கள். தயமின் தீர்ந்துபோன உடம்பில் அதைப் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது மூளையைப் பாதிக்கக்கூடும். அதனால் பக்கத்துக் கிளினிக்கில் "சோர்வா இருக்கு, ஒரு பாட்டில் ஏத்துங்க" என்று கேட்கும்போது குடியை நிறுத்தியிருப்பதை மறைக்காதீர்கள். ஆபரேஷனுக்குச் சேரும்போதும் அப்படியே. மறைத்தால் மூன்றாம் நாள் வார்டில் குழப்பம் வந்து, காரணம் தெரியாமல் எல்லோரும் தவிப்பார்கள்.

மாலை போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். காந்தி ஜெயந்தி போல டாஸ்மாக் மூடியிருக்கும் நாட்களுக்கும், சரக்கு கிடைக்காத நீண்ட ரயில் பயணத்துக்கும் பொருந்தும்.

எங்கே காட்டுவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. அடையாறு பக்கம் இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை 1980 முதல் குடிநோய்க்கென்றே இயங்குகிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள்.

மீட்டிங் இதற்கு மாற்று இல்லை. உடம்பைக் குடியிலிருந்து இறக்குவது மருத்துவர் வேலை. இறங்கிய பிறகு திரும்ப ஏறாமல் இருப்பதற்குத்தான் மீட்டிங். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வாரத்திலேயே மீட்டிங்கையும் தொடங்கலாம், உட்காரும் தெம்பு இருந்தால் போதும்.

எங்கே நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

போர்டு இருக்காது. இருந்தாலும் கேட்டில் மீட்டிங் நேரத்துக்கு மட்டும் தொங்கும் ஒரு சின்ன அட்டைதான். சர்ச் வளாகத்து அறை, பள்ளிக்கூட வகுப்பறை, சமுதாயக் கூடம், மருத்துவமனையின் ஒரு ஹால் போன்ற இடங்களில் மாலை ஆறு, ஏழு மணிக்கு மேல் நடக்கும். ஒவ்வொரு குழுவும் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் கூடும். ஆகவே "பக்கத்தில் இருக்கிறதா" என்பதோடு "எந்தக் கிழமை" என்பதும் முக்கியம்.

ஏ.ஏ. இந்தியாவின் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் மாநில வாரியாக உதவி எண்கள் இருக்கும். அங்கிருந்து உங்கள் ஊருக்கான எண்ணை எடுத்துப் போன் செய்வதுதான் நம்பகமான வழி. கூகுள் மேப்பில் கிடைக்கும் முகவரியை மட்டும் நம்பிப் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பியவர்கள் ஏராளம். இடம் மாறும், நேரம் மாறும், பழைய பதிவு அப்படியே கிடக்கும். பூட்டிய கேட்டுக்கும் ஒயின் ஷாப்புக்கும் நடுவில் தூரம் குறைவு. அதனால் போன் செய்யாமல் போகாதீர்கள்.

இரண்டாவது வழி, நீங்கள் பார்க்கும் மனநல மருத்துவரோ குடிநோய்ப் பிரிவின் சமூகப் பணியாளரோ. பல மருத்துவமனைகளுக்கு ஏ.ஏ. உறுப்பினர்களே வந்து நோயாளிகளைச் சந்திக்கிறார்கள். "டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் ஒருவரைப் பார்க்க முடியுமா" என்று கேளுங்கள். முகம் தெரிந்த ஒருவர் வாசலில் நின்றால் முதல் நாள் பாதிப் பயம் போய்விடும். போதையிலிருந்து மீள வழி கேட்பவர்களுக்கான தேசியக் கட்டணமில்லா எண் 14446. மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ இருந்தால் டெலி-மானஸ் 14416, எந்த நேரமும்.

போனில் என்ன சொல்ல வேண்டும்? அவர்கள் என்ன கேட்பார்கள்?

எடுப்பவரும் குடித்து மீண்டவராகவே இருப்பார். "குடியை நிறுத்தணும், மீட்டிங் எங்க இருக்கு" என்றால் போதும். எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று கேட்கலாம். முழுப் பெயர், ஆதார், வேலை பார்க்கும் இடம் எதுவும் தேவையில்லை. நீங்கள் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியவை: எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, வளாகத்துக்குள் எந்த வாசல், எந்த மாடி, மீட்டிங் தமிழிலா ஆங்கிலத்திலா (பெருநகரங்களில் இரண்டும் உண்டு), ஓப்பனா குளோஸ்டா, வாசலில் யாராவது நிற்பார்களா.

ஓப்பன் மீட்டிங்குக்கு மனைவி, அம்மா, நண்பர் யாரும் கூட வரலாம். குளோஸ்டு மீட்டிங் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். மனைவியை அழைத்துக்கொண்டு குளோஸ்டுக்குப் போய் அவரை வெளியே உட்கார வைக்கும் சங்கடம் இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருவது.

முதல் நாள் எப்படி இருக்கும்?

பத்து நிமிடம் முன்னால் போங்கள். பிந்திப் போனால் பேசிக்கொண்டிருக்கும் இருபது பேரைத் தாண்டி நாற்காலி தேட வேண்டும், அதற்குப் பயந்தே சிலர் படியோடு திரும்பிவிடுவார்கள். "முதல் தடவை வரேன்" என்று யாரிடமாவது சொல்லுங்கள். டீ வரும்.

நடத்துபவர் ஏ.ஏ. என்றால் என்ன என்ற சிறிய முன்னுரையை வாசிப்பார். அமைதிப் பிரார்த்தனை சொல்வார்கள்: மாற்ற முடியாததை ஏற்கும் மன அமைதி, மாற்றக்கூடியதை மாற்றும் துணிவு, இரண்டையும் பிரித்தறியும் அறிவு வேண்டும் என்று கேட்கும் நான்கைந்து வரி. பிறகு குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளை யாராவது வாசிப்பார்கள். முதல் முறை கேட்கும்போது பாதி புரியாது, பரவாயில்லை. அதன்பின் ஒவ்வொருவராக "என் பேர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துப் பேசுவார்கள். மற்றவர்கள் சேர்ந்து வணக்கம் சொல்வார்கள். ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கிட மாட்டார்கள், பேசி முடித்ததும் "நீ செஞ்சது தப்பு" என்று விமர்சிக்கவும் மாட்டார்கள். சிரிப்பும் இருக்கும், தாங்கள் போதையில் செய்த கூத்துகளைச் சொல்லி அவர்களே சிரிப்பது புதிதாக வருபவருக்கு அதிர்ச்சியாகக்கூட இருக்கலாம்.

புதியவர் இருந்தால் பல குழுக்களில் அன்றைய பேச்சை அவருக்காகவே திருப்பிவிடுவார்கள். எப்படித் தொடங்கியது, எங்கே போய் முடிந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று மூன்று நான்கு பேர் சொல்வார்கள். கேட்கும்போது உங்களோடு ஒத்துப்போகாததைத் தேடுவது எளிது: "அவர் வேலையே போய்டுச்சு, எனக்குப் போகலையே." ஒத்துப்போவதைத் தேடுங்கள். பாட்டிலை ஒளித்து வைத்த இடம், காலையில் மொபைலை எடுத்துப் பார்க்கும் பயம், சம்பள நாள் இவையெல்லாம் ஆட்டோ ஓட்டுபவருக்கும் வங்கி மேலாளருக்கும் ஒன்றுதான்.

முடிந்ததும் உடனே ஓடிவிடாதீர்கள். மீட்டிங்குக்குப் பிந்தைய பதினைந்து நிமிடத்தில்தான் போன் நம்பர்கள் கைமாறும். இரண்டு மூன்று நம்பராவது வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் பேசியே ஆக வேண்டுமா?

வேண்டாம். உங்கள் முறை வந்தால் "இன்னைக்குக் கேக்க மட்டும் வந்தேன்" என்று சொன்னால் அடுத்தவரிடம் போய்விடும். "நான் குடிநோயாளி" என்று சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பேசுவதானால் மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும்.

குடித்திருந்தால் உள்ளே விடுவார்களா?

பெரும்பாலும் விடுவார்கள், அமைதியாக உட்கார்ந்தால். பேச மட்டும் விடமாட்டார்கள். முடிந்தபின் தனியாகப் பேசுவார்கள். தகராறு செய்தால் யாராவது ஒருவர் வெளியே அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார். குடித்துவிட்டு வண்டி ஓட்டி வராதீர்கள். பையில் பாட்டிலோடு வராதீர்கள்.

சர்ச்சில் நடக்கிறதே, மதமாற்ற வேலையா? எனக்குச் சாமி நம்பிக்கையும் கிடையாது.

சர்ச்சில் நடப்பதற்குக் காரணம் அங்கே மாலையில் சும்மா இருக்கும் அறை குறைந்த வாடகைக்குக் கிடைப்பது. ஏ.ஏ. எந்த மதத்தோடும் கட்சியோடும் சாதிச் சங்கத்தோடும் சேர்ந்ததில்லை.

படிகளில் கடவுள் என்ற சொல் வரும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. "நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்ற வாசகத்தோடு வரும். தமிழ்க் குழுக்களில் முருகனையும் அல்லாவையும் இயேசுவையும் மனதில் வைத்து அதைச் சொல்பவர்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். பகுத்தறிவு வழியில் வந்தவர்கள் அந்தக் குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். பிரார்த்தனை நேரத்தில் வாய் திறக்காமல் நின்றால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் சில குழுக்களில் பக்தி வாடை தூக்கலாகவே இருக்கும். ஒத்துவரவில்லை என்றால் அடுத்த குழுவைப் பாருங்கள், ஏ.ஏ.யை மொத்தமாகத் தள்ளிவிட வேண்டாம்.

எவ்வளவு செலவாகும்?

கட்டணம் இல்லை, சந்தா இல்லை. முடியும்போது ஒரு பை சுற்றி வரும். வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் பத்து இருபது போடுவார்கள். புதியவர் போட வேண்டியதில்லை. வெளியாட்களிடம் நன்கொடை வாங்கக் கூடாது என்பது ஏழாவது மரபு, ஆகவே உங்கள் மாமனார் மகிழ்ந்து போய் ஐயாயிரம் கொடுக்க வந்தாலும் வாங்க மாட்டார்கள்.

ஊருக்குத் தெரிந்துவிடாதா?

அங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை, பார்த்த ஆளை வெளியில் அடையாளம் காட்டுவதில்லை என்பது அடிப்படை விதி. அதை எல்லோரும் மதிக்கிறார்கள் என்றாலும் சட்டப்படியான காவல் அதற்கு இல்லை. ஆகவே போலீஸ் வழக்கு, அலுவலகப் பணக் கையாடல் போன்றவற்றை முழு அறையில் சொல்லாமல் வழக்கறிஞரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ மட்டும் பேசுங்கள். சின்ன ஊரில் தெரிந்த முகம் ஒன்று உள்ளே இருக்கத்தான் செய்யும். அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார். அதுவும் கூச்சமாக இருந்தால் பஸ்ஸில் அரை மணி தள்ளிப் போய் வாருங்கள்.

ரகசியம் இப்போது அதிகம் கசிவது வாட்ஸாப் வழியாக. குழுவில் சேர்த்தால் உங்கள் நம்பரும் புரொஃபைல் படமும் எல்லோருக்கும் தெரியும். குடும்பப் படத்தையும் கம்பெனி பெயரையும் எடுத்துவிட்டுச் சேருங்கள், அல்லது சேராமல் தனிப்பட்ட சில நம்பர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீட்டிங்கில் படம் எடுக்காதீர்கள், பிறந்தநாள் கேக் வெட்டும்போதும்கூட. குடிக்காமல் ஒரு வருடம் ஆனதைத்தான் அங்கே பிறந்தநாள் என்பார்கள்.

எத்தனை மீட்டிங் போக வேண்டும்?

பிடிக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வதற்கு முன் குறைந்தது ஆறு, அதுவும் இரண்டு மூன்று வேறு குழுக்களில். ஒரு குழுவில் வயதானவர்கள் மட்டும் இருக்கலாம், இன்னொன்றில் ஒருவரே அரை மணி நேரம் பேசுவார். ஒரு மீட்டிங்கை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தொடங்கியவர்களுக்குப் பழைய உறுப்பினர்கள் சொல்வது 90 நாளில் 90 மீட்டிங். சென்னையில் குழு மாற்றி மாற்றிப் போனால் முடியும். மாவட்டத் தலைநகர் தாண்டினால் வாரம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அங்கே நேரில் போகாத நாட்களை ஆன்லைன் மீட்டிங்காலோ, ஒரு உறுப்பினரிடம் பத்து நிமிடப் போன் பேச்சாலோ நிரப்பலாம். ஷிப்டு வேலைக்காரர்கள் தங்கள் கை முதலில் எந்த நேரத்தில் பாட்டிலைத் தேடுகிறது என்று பார்த்து அதற்கு முந்தைய மணி நேரத்தில் மீட்டிங்கோ போனோ வையுங்கள். பகல் பன்னிரண்டுக்குக் கடை திறக்கும். காலை ஷிப்டு முடித்து இரண்டு மணிக்கு வெளியே வருபவருக்கு மாலை ஏழு மணி மீட்டிங் ரொம்பத் தள்ளி.

ஸ்பான்சர் என்கிறார்களே, யார் அது?

உங்களுக்கு முன்னால் 12 படிகளைக் கடந்து, சில காலமாகக் குடிக்காமல் இருக்கும் ஒருவர். படிகளை எப்படிச் செய்வது என்று கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார், குடிக்கத் தோன்றும்போது நீங்கள் போன் செய்யும் ஆளாக இருப்பார். நியமனம் கிடையாது, நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். "அண்ணே, நீங்க எனக்கு ஸ்பான்சரா இருக்க முடியுமா?" மறுத்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஏற்கெனவே நாலு பேர் இருப்பார்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம், காரணம் சொல்லத் தேவையில்லை. கடன் கொடுப்பவர், வேலை வாங்கித் தருபவர், குடும்பச் சண்டைக்குப் பஞ்சாயத்து பேசுபவர் ஸ்பான்சர் இல்லை. பணம் கேட்கும் ஸ்பான்சரை அன்றே மாற்றுங்கள்.

பெண்கள் போகலாமா?

போகலாம். ஆனால் பெரும்பாலான அறைகளில் நீங்கள் ஒருவரே பெண்ணாக இருக்கக்கூடும் என்று தெரிந்தே போங்கள். போன் செய்யும்போதே பெண் உறுப்பினர் ஒருவரிடம் பேச முடியுமா என்று கேளுங்கள், இருந்தால் இணைத்துவிடுவார்கள். பெண்களுக்கான ஆன்லைன் மீட்டிங்குகள் நிறைய உண்டு, பெரும்பாலும் ஆங்கிலத்தில். "வீட்டில் கொண்டுவிடுகிறேன்" என்று வலிய வரும் ஆண் உறுப்பினர்களிடம், எவ்வளவு பழையவரானாலும், முதல் சில மாதம் தள்ளியே இருப்பது நல்லது. உடன்பாடில்லாத பேச்சு, தொடுகை எதுவானாலும் குழுச் செயலரிடம் சொல்லுங்கள், தேவையென்றால் போலீசிடமும். அனானிமஸ் என்பது குற்றத்தை மறைக்கும் திரை ஆகாது.

ஆன்லைன் மீட்டிங் எப்படி?

பெரும்பாலும் ஜூமில். உள்ளே போகுமுன் திரையில் தெரியும் பெயரை முதல் பெயரும் இனிஷியலுமாக மாற்றுங்கள், ஆபீஸ் லேப்டாப்பில் போகாதீர்கள், வீட்டில் பிறர் இருந்தால் இயர்போன் போடுங்கள். வெளிநாட்டுப் பட்டியலில் மீட்டிங் தேடினால் நேரக் குழப்பம் வரும்: நியூயார்க் இரவு 8 மணி என்பது இங்கே மறுநாள் அதிகாலை, அவர்களின் கோடையில் 5.30, குளிர்காலத்தில் 6.30. எழுந்ததும் கை நடுங்கும் ஆட்களுக்கு அந்த அதிகாலை மீட்டிங் நன்றாகவே உதவுகிறது. சிங்கப்பூர், மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால். இலங்கை நம் நேரமே. வளைகுடாவில் வேலை செய்யும் தமிழர்களுக்குத் தமிழ் மீட்டிங் என்றால் பெரும்பாலும் ஆன்லைன்தான்.

டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். மீட்டிங்கில் ஒருவர் "அதுவும் போதைதான், நிறுத்து" என்கிறார்.

நிறுத்தாதீர்கள். மருந்து விஷயத்தில் உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்பது ஏ.ஏ.யின் சொந்த நிலைப்பாடு. மனச்சோர்வு மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ இப்படிப் பேச்சைக் கேட்டு நிறுத்தி மோசமான நிலைக்குப் போனவர்கள் உண்டு.

டைசல்ஃபிரம் என்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தனியாக: அதைச் சாப்பிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு வந்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அந்த விளைவு இருக்கும். ஆல்கஹால் கலந்த இருமல் சிரப்பும், நாட்டு மருந்துக் கடை அரிஷ்டமும்கூட அதைத் தூண்டலாம்.

ஐந்து மாதம் கழித்து மறுபடி குடித்துவிட்டேன். எந்த முகத்தோடு போவது?

அங்கே இதற்கு 'ஸ்லிப்' என்று பெயர், அறையில் பாதிப் பேருக்கு நடந்திருக்கும். கணக்கை முதல் நாளிலிருந்து தொடங்குவார்கள், வேறு தண்டனை இல்லை. ஒரு வாரம் கழித்துப் போகலாம் என்று தள்ளும் ஒவ்வொரு நாளும் குடி கூடும். அன்றிரவே ஒரு நம்பருக்குப் போன் செய்யுங்கள். பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டீர்கள் என்றால் மேலே சொன்ன வலிப்பு எச்சரிக்கை மறுபடியும் பொருந்தும், முதலில் டாக்டர்.

நடந்ததைப் பின்னோக்கிப் பாருங்கள். பெரும்பாலும் மீட்டிங் குறைந்திருக்கும், போன் நின்றிருக்கும், அதற்குப் பிறகுதான் பாட்டில். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் ஒன்று அன்றைக்கு இருந்ததா என்று பழையவர்கள் கேட்பார்கள். பசி என்பது சும்மா சொன்னதில்லை. மாலை ஐந்து மணிக்கு வயிறு நிறைய ஏதாவது சாப்பிட்டால் ஆறு மணித் தவிப்பு பலருக்குப் பாதியாகக் குறைகிறது.

என் கணவர் வரமாட்டேன் என்கிறார். நான் என்ன செய்வது?

அவரை இழுத்துக்கொண்டு வர முடியாது. நீங்கள் உங்களுக்காகப் போகலாம். குடிப்பவரின் குடும்பத்தாருக்கான அல்-அனான் 1951-இல் பில்லின் மனைவி லோயிஸும் தோழி ஒருவரும் தொடங்கியது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன். பல ஊர்களில் ஏ.ஏ. நடக்கும் வளாகத்திலேயே பக்கத்து அறையில் நடக்கும், போனில் கேளுங்கள். அவர் குடிக்குக் காரணம் நீங்கள் இல்லை, அதைக் கட்டுப்படுத்தவும் உங்களால் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்பது அங்கே முதலில் கற்றுக்கொள்வது. நடைமுறையில் அதன் பொருள்: அவருக்காக ஆபீசுக்குப் பொய் லீவு சொல்வதை நிறுத்துவது, கடன்காரருக்கு நகையை அடகு வைக்காமல் இருப்பது, போதையில் இருக்கும்போது வாக்குவாதம் செய்யாமல் காலையில் பேசுவது. அடி உதை இருந்தால் மீட்டிங்குக்காகக் காத்திருக்க வேண்டாம், 181 பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். "தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள், ஒரே வாரத்தில் வெறுத்துவிடுவார்" என்று விற்கும் பொடி. அதில் டைசல்ஃபிரம் இருந்தால், இருப்பது தெரியாமல் அவர் வழக்கம்போல் குடிப்பார், விளைவை மேலே சொன்னோம். அதில் ஒன்றுமே இல்லையென்றால் பணம் போகும். இரண்டிலும், தெரிய வரும்போது வீட்டுச் சோற்றின் மீது அவருக்கு இருக்கும் நம்பிக்கை போய்விடும்.

ஒரு மறுவாழ்வு மையம் "ஏ.ஏ. முறையில் நடத்துகிறோம்" என்று விளம்பரம் செய்கிறது. நம்பலாமா?

ஏ.ஏ. எந்த மையத்தையும் நடத்துவதில்லை, எதற்கும் தன் பெயரைக் கொடுப்பதில்லை. ஆறாவது மரபு அதைத் தடுக்கிறது. படிகளைக் கற்றுக்கொடுக்கும் நல்ல மையங்கள் உண்டு. ஆனால் மையத்தைப் பார்க்க வேண்டிய விதம் வேறு: மனநல மருத்துவர் வருகிறாரா, உரிமம் சுவரில் இருக்கிறதா, குடும்பத்தார் பார்க்க அனுமதி உண்டா, போன் பேச விடுகிறார்களா. வேன் அனுப்பி ஆளைக் கட்டித் தூக்கிப் போகிறோம் என்று சொல்லும் இடத்துக்கு அனுப்பாதீர்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரைச் சேர்ப்பதற்கு முறை வகுத்திருக்கிறது, கட்டித் தூக்குவது அதில் இல்லை.

உண்மையிலேயே பலன் இருக்கிறதா?

2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, மொத்தம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். ஏ.ஏ.யில் ஈடுபட வைக்கும் முறையான சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டு முடிவில் முழுமையாக விட்டிருந்தவர்கள் 42 சதவீதம். வேறு உளவியல் சிகிச்சை பெற்றவர்களில் 35. அதாவது மாயம் இல்லை, மற்ற நல்ல சிகிச்சைகளைவிடச் சற்று மேல். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஓராண்டுக்குள் எப்போதோ குடித்திருக்கிறார்கள் என்பதும் அதே எண்ணில் இருக்கிறது.

எவ்வளவு முயன்றும் ஏ.ஏ. ஒத்துவரவில்லை என்றால்?

1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி, கடவுள் பேச்சு இல்லாமல் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சியாக நடக்கிறது. ஆங்கிலம் வந்தால் ஆன்லைனில் சேரலாம். மருத்துவமனைகளின் தொடர் சிகிச்சைக் குழுக்கள் தமிழிலேயே உண்டு, அங்கே கவுன்சலர் நடத்துவார். இரண்டையும் ஏ.ஏ.யோடு சேர்த்துப் போவதற்கும் தடையில்லை.

அடுத்த வாரம் தங்கை கல்யாணம். மாமன் மச்சான் எல்லாம் மண்டபத்து மாடியில் பாட்டிலோடு இருப்பார்கள். எப்படிச் சமாளிப்பது?

முதல் மூன்று மாதத்துக்குள் என்றால் முகூர்த்தத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், முந்தின நாள் இரவு அங்கே தங்காதீர்கள். துக்க வீட்டிலும் இப்படித்தான்: எடுத்த பிறகு அங்கேயே உட்கார்ந்திருப்பதுதான் சிக்கல். திரும்பி வர உங்கள் வண்டி உங்கள் கையில் இருக்கட்டும், இன்னொருவர் காரை நம்பி இருந்தால் அவர் குடித்து முடிக்கும்வரை நீங்களும் அங்கே. கையில் எப்போதும் ஒரு டம்ளர் மோரோ ஜூஸோ இருந்தால் யாரும் புதிதாக ஒன்றை நீட்ட மாட்டார்கள். காரணம் கேட்டால் "மாத்திரை சாப்பிடுறேன் மாமா, டாக்டர் கூடாதுன்னுட்டார்" என்ற ஒரு வரி போதும், வாதாட வேண்டாம். போவதற்கு முன் ஒருவருக்குப் போன் செய்து எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டு, திரும்பியதும் அவருக்கே மறுபடி அடியுங்கள். மறுநாள் எந்த மீட்டிங் என்பதை மண்டபத்துக்குக் கிளம்பும் முன்பே பார்த்து வையுங்கள்.